பிஸ்தாவின் பின்னங்கால்

டாக்டர் மர்சலினிடம் ஒரு பழக்கம் உண்டு. மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைப்பதற்கு முன்னால், அதோடு வந்த காகிதத்தை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவிடுவார். நாயா பூனையா, என்ன வயது, எந்த இடத்தில் கட்டி, அனுப்பிய டாக்டருக்கு என்ன சந்தேகம் எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். சதையைப் பார்த்து நோய் சொல்கிற மற்ற பேத்தாலஜிஸ்டுகள் அதைப் படித்துவிட்டுத்தான் கண்ணை வைப்பார்கள். மர்சலின் முதலில் பார்ப்பார், மனதுக்குள் ஒரு முடிவுக்கு வருவார், அப்புறம்தான் காகிதத்தைத் திருப்புவார். கதையை முன்னாலேயே கேட்டுவிட்டால் கண் அந்தக் கதையைத்தான் தேடும் என்பது அவர் கட்சி.

இந்தப் பழக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக. கால்நடை மருத்துவர்கள் கூடும் எந்தக் கூட்டத்திலும் காகிதத்தைக் கவிழ்க்கிற பேச்சை அவர் எடுத்துவிட்டால் காபி வரும்வரை நிறுத்தமாட்டார். நங்கநல்லூரில் சொந்தமாக லேப் வைத்திருக்கும் டாக்டர் ஆனந்தகுமாருக்கு இது ஆகவே ஆகாது. விலாசம் இல்லாமல் யாராவது வீடு தேடுவார்களா என்று கேட்பார். ஒரு மாநாட்டில் சாப்பாட்டு வரிசையில் தட்டும் கையுமாக இருவரும் வாதாட ஆரம்பித்து, பின்னால் நின்றவர்களுக்கு வத்தக்குழம்பு கிடைக்காமல் போயிற்று. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் இருவரும் சிரித்துக்கொள்வார்கள், பேசிக்கொள்ளமாட்டார்கள்.

மர்சலின் சாந்தோம்காரர். அப்பா பவுல்சாமி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வீட்டில் இருந்த பாக்கிப் பெண்கள் எல்லாரும் டீச்சர் வேலைக்குப் போக, இவர் மட்டும் கால்நடை மருத்துவம் படித்தார். மாடு பிடிக்கப் போகிறாளாம் என்று கோவில் வாசலில் கேலி பேசினார்கள். படிக்கப் போன இடத்தில் யாரோ ஒருவர் ஆட்டு ஈரலைச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் காட்ட, அந்த ஊதாவையும் ரோஜா நிறத்தையும் பார்த்து இவர் அங்கேயே விழுந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. இப்போது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அடையாறு காந்தி நகரில் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் லேப். கீழேயிருந்து நெய் வாசனை, மேலேயிருந்து ஃபார்மலின் வாசனை, நடுப்படியில் இரண்டும் சந்தித்துச் சண்டை போடும். நகரத்தின் பாதி நாய் பூனைகளின் கட்டிகள் துண்டு துண்டாக அந்தப் படியேறித்தான் வரும். புருஷன் மேத்யூ பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். காலையில் இவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, கீழே இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டுப் போவார். டாக்டருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஷ்ரேயா வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், மனம் எப்படிப் பார்க்கிறது, எப்படி முடிவு செய்கிறது என்பதில் ஆராய்ச்சி பண்ணுகிறவள். டாக்டர்களிடம் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. நகரத்தில் ஸ்லைடு பார்க்கிற சிலருக்குப் பழைய ஸ்லைடுகள் கொடுக்கப்படும். சிலவற்றோடு கதை வரும், சிலவற்றோடு வராது. ஒரே கட்டியே சில வாரம் கழித்து வேறு கதையோடு மறுபடி வரும். ஆனால் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் சீவியதாக, திருப்பி ஒட்டியதாக இருக்கும், அதனால் பார்த்த முகம் என்று கண்டுபிடிக்க முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறிக்கொண்டிருக்கும் புண்ணிலிருந்து எடுத்தவைதான் அதில் நிறைய.

அதைத் தேர்ந்தெடுக்க ஷ்ரேயாவுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆறுகிற புண்ணும் கெட்ட கட்டியும் மைக்ராஸ்கோப்பில் அண்ணன் தம்பி போல இருக்கும். புண்ணை மூடப் புதுச்சதை வளரும்போது செல்கள் அவசர அவசரமாகப் பெருகும், நீண்டு கொழுத்து இரண்டு இரண்டாகப் பிரியும். புற்றும் அதைத்தான் செய்கிறது. கல்யாண வீட்டில் ஓடுகிறவர்களும் தீப்பிடித்த வீட்டில் ஓடுகிறவர்களும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் ஓடுகிறார்கள்.

மர்சலின் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கதையால் அசையாத கண் இந்த ஊரில் ஒன்று இருக்கிறது என்று ஆராய்ச்சியில் பதிவாகட்டுமே என்று உள்ளுக்குள் ஆசை. ஆனந்தகுமாரும் பெயர் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த ஆசை இரட்டிப்பாயிற்று. சில மாதங்களாக, வேலை முடிந்த சாயங்காலங்களில், ஷ்ரேயா கொடுத்துவிட்டுப் போகிற ஸ்லைடுகளைப் பார்த்து முடிவை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கதை இருந்தால் அதையும் படிக்க வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் விதி. படித்தார். படித்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றே நம்பினார்.

இதற்கு நடுவில்தான் ஹாஜிரா பீயின் பூனை வந்தது.

ஹாஜிரா பீ தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைத்து ஆரி வேலை செய்து கொடுக்கிறவர். ஜரிகையும் மணியும் வாங்கிப் போடுவது புருஷன் கரீமுல்லா. மர்சலினுக்குப் பதினைந்து வருஷமாக அங்கேதான் ஜாக்கெட். அங்கே ஒரு பூனை உண்டு, பிஸ்தா என்று பெயர், கண் அந்த நிறம். வெட்டுத்துணி மூட்டைமேல் படுத்துக்கொண்டு, வருகிற பெண்களை ஏற இறங்கப் பார்க்கும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் ஹாஜிரா பீ திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் அது ஒன்றுதான் பாக்கி. கரீமுல்லாவைத் திட்டுவார், கொஞ்சமாட்டார்.

அக்கா மகள் லிசாவுக்குக் கல்யாணம் வந்தது. மர்சலின் அளவு கொடுக்கப் போனார். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்க, ஹாஜிரா பீ டேப்பைச் சுற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார். பிஸ்தாவின் வலது பின்னங்காலில், தொடைக்குக் கீழே ஒரு கட்டி வந்திருந்ததாம். கொட்டிவாக்கத்தில் டாக்டர் சரண்யாவிடம் காட்டி ஆபரேஷன் பண்ணி எடுத்தார்களாம். வேறொரு லேபில் அது கெட்ட கட்டி என்று சொல்லிவிட்டார்களாம்.

"இப்ப அதே எடத்துல திரும்ப வந்துருச்சு டாக்டரம்மா. கல்லு மாதிரி கீது. சின்ன துண்டு எடுத்து உங்க லேபுக்குத்தான் அனுப்பிக்கிறாங்க. அதே நோவுன்னா கால எடுத்துறணுமாம்."

அதைச் சொல்லும்போது எடுத்த அளவையே மறுபடி எடுத்தார். மூட்டைமேல் பிஸ்தா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தர் என்ன செய்ய முடியும்? காதைப் பொத்தவும் முடியாது. மர்சலின் பார்க்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஸ்கூட்டரில் வரும்போது மேத்யூவிடமும் அந்தப் பூனைக்காக வருத்தப்பட்டார்.

அடுத்த இரண்டு நாளில் பிஸ்தாவின் துண்டு ஸ்லைடாகி மேஜைக்கு வந்தது. மர்சலின் வழக்கம்போலக் காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்தார். பூனை, பின்னங்கால் என்று இந்த முறை ஸ்லைடின் ஓரத்திலேயே யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வாரத்தில் பூனையின் பின்னங்கால் என்று வந்தது அது ஒன்றுதான். பார்த்தார். நீண்ட செல்கள், கொழுத்த செல்கள், பிரிகிற செல்கள். கட்டி திரும்ப வளர்ந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு காகிதத்தைத் திருப்பினார், அதிலும் அந்தச் சந்தேகமே இருந்தது. தான் கதை கேட்காமலே சரியாகச் சொல்லிவிட்டதாக அப்போதும் அவருக்கு ஒரு திருப்தி வந்தது என்பதை நம்ப முடிகிறதா? காகிதத்தைக் கவிழ்த்தாகிவிட்டதே, அது போதும் என்று இருந்துவிட்டார். டேப்புக்கு நடுவில் நின்றுகொண்டு கதை முழுவதையும் கேட்டது அவர் கணக்கில் வரவே இல்லை.

சரண்யா ரிப்போர்ட்டைப் படித்து, வருகிற சனிக்கிழமை பிஸ்தாவின் காலை எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் ஷ்ரேயா முடிவுகளோடு வந்தாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, எல்லா டாக்டர்களையும் பற்றிப் பொதுவாகப் பேசினாள். ஏற்கனவே ஒரு முறை கெட்ட கட்டி வந்து எடுத்தது என்று கதை சொன்னால், வெறும் ஆறுகிற புண்ணையும் எல்லாரும் கட்டி என்று சொல்லிவிடுகிறார்களாம். கதை இல்லாமல் அதே சதையைக் கொடுத்தால் புண் என்று சரியாகச் சொல்கிறார்களாம். மர்சலின் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஆனந்தகுமாரை நினைத்துச் சின்னச் சிரிப்பு கூட வந்தது. பிறகு, என்னுடையதைக் காட்டு என்றார்.

ஷ்ரேயா தயங்கினாள். தயங்கியபோதே மர்சலினுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மேம், நீங்களும் மத்தவா மாதிரிதான். ஒண்ணு ரெண்டு எடத்துல ஜாஸ்தியே மாறிருக்கேள்."

மர்சலின் முதலில் சிரித்தார். அப்புறம் ஸ்லைடுகளையும் தான் எழுதிக்கொடுத்த தாள்களையும் வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்துத்தான். ஒரே நாயின் முதுகிலிருந்து எடுத்த ஒரே சதையை, கதை வராத அன்றைக்குப் புண் என்றும், கதை வந்த அன்றைக்குக் கட்டி என்றும் எழுதியிருந்தார். அவசரமில்லாமல் உட்கார்ந்து, காபி குடித்து, மனப்பூர்வமாக எழுதியவை இரண்டும். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஷ்ரேயா மேல் பட முடியாது, அவள் பாவம். ஷ்ரேயாவுக்கு ஒரு ஜாங்கிரி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் தான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்ற அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

பிஸ்தாவின் ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தார். அதே செல்கள்தான். ஆனால் இப்போது வேறொன்றும் தெரிந்தது. சின்ன ரத்தக்குழாய்கள் மேல்பரப்பை நோக்கி நேராக எழுந்து நின்றன, செல்கள் அவற்றுக்குக் குறுக்கே படுத்திருந்தன. ஆறுகிற புண்ணில்தான் அந்த ஒழுங்கு இருக்கும். ஒரு ஓரத்தில் பழைய தையல் நூல் ஒரு துணுக்கு மாட்டியிருந்தது, அதைச் சுற்றி உடம்பு பெரிய பெரிய செல்களாகக் கூடி நின்று நூலைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. பார்த்திருந்தார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தோஷப்படத் தோன்றியது. உடனே அந்தச் சந்தோஷத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அன்றைக்குப் பயம் பார்த்தது, இன்றைக்கு ஆசை பார்க்கவில்லை என்று என்ன நிச்சயம்? கேட்ட கதையைக் கேட்காததாக ஆக்கிக்கொள்ள ஒரு வழியும் இல்லை. பூனையின் காலா, பூனையின் உயிரா என்று இருக்கிற இடத்தில் தன் கண்ணை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு மணி நேரம் ஸ்லைடைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அந்த மேஜை முன்னால் உட்கார்ந்ததில்லை.

சரண்யாவுக்குப் போன் பண்ணி, ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். அவள் இவரிடம் படித்தவள்தான், ஆனாலும் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு உள்ள அவசரம் அவளுக்கும் உண்டு. ஒரு வாரம் தள்ளினால் நிஜமான கட்டி தொடைக்கு மேலே ஏறிவிடும், அப்புறம் காலை எடுத்தும் பிரயோஜனம் இருக்காது என்றாள். மேடம் எழுத்தில் மாற்றிக்கொடுத்தால் நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் சனிக்கிழமை செய்துவிடுகிறேன் என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மாற்றி எழுதுவதென்றால் கதையே கேட்காத இன்னொரு கண் வேண்டும். இந்த ஊரில் இந்த வகைச் சதையை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று யோசித்தார். யோசிக்க ஒன்றுமில்லை, பெயர் முதலிலேயே வந்துவிட்டது, அதைத் தள்ளிவிட்டு வேறு பெயர் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நங்கநல்லூருக்குத் தானே நேரில் போனால் ஆனந்தகுமார் இவர் முகத்தைப் பார்த்தே விஷயம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொள்வார். அந்த முகமும் ஒரு கதைதான். அதனால் அதே துண்டிலிருந்து லேபில் புதிதாகச் சீவச் சொல்லி, ஷ்ரேயாவிடம் கொடுத்து, அவளுடைய ஆராய்ச்சி ஸ்லைடு மாதிரியே வெறும் எண்ணோடு கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். இது ஆராய்ச்சிக் கணக்கில் வராது என்று ஷ்ரேயா முதலில் முரண்டு பிடித்தாள். பூனையைப் பற்றிச் சொன்னதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஷ்ரேயா போன் பண்ணினாள். ஆறுகிற புண், தையல் நூல் தங்கியிருக்கிறது, இந்தத் துண்டில் கட்டி எதுவும் இல்லை என்று ஆனந்தகுமார் எழுதிக் கொடுத்துவிட்டாராம். மர்சலின் அந்தப் போனை வைத்துவிட்டு, இன்னொரு போன் பண்ணினார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ஆனந்தகுமாரோடு பேசினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். மறுமுனையில் கேலிக்குத் தயாராகிற மூச்சு கேட்டது, பிறகு அது அடங்கிவிட்டது.

"எனக்கும் அந்தப் பொண்ணு ரிசல்ட் காட்டுச்சு மேடம். நான் உங்களைவிட மோசம். ரிப்போர்ட்டை மாத்துங்க, வேணும்னா என் பேரையும் போட்டுக்குங்க."

மர்சலின் மாற்றினார். திருத்திய ரிப்போர்ட் என்று மேலே தடித்த எழுத்தில் போட வேண்டும், அதுதான் முறை. அந்த இரண்டு வார்த்தையை அடிக்கும்போது காது சிவந்தது. ஆனந்தகுமார் பெயரைப் பக்கத்திலேயே போட்டார்.

சரண்யாவுக்கு அனுப்பியாகிவிட்டது. போனில் ஹாஜிரா பீக்கும் சொல்லிவிடலாம் என்று மேத்யூ சொன்னார். மர்சலினுக்கு மனசு கேட்கவில்லை. தி.நகருக்கே விடச் சொன்னார். சந்துக்குள் ஸ்கூட்டர் போகாது என்று மேத்யூ சந்து முனையிலேயே நின்றுகொண்டார். ஹாஜிரா பீ ஆரிச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், ஊசி கையில் இருந்தது, துணியில் வேலை ஒன்றும் நடந்திருக்கவில்லை. கரீமுல்லா டீ வாங்க எழுந்தார், மர்சலின் உட்காரச் சொன்னார்.

"நான் எழுதினது தப்பு ஹாஜிரா பீ. அந்தத் துண்டுல கேன்சர் இல்ல. ஆபரேஷன் பண்ண எடம் ஆறிட்டு வருது, அவ்வளவுதான்னு நினைக்கிறேன்."

மர்சலின் மிச்சத்தையும் சொன்னார். எடுத்த துண்டைப் பற்றித்தான் தன்னால் சொல்ல முடியும், எடுக்காத இடத்தைப் பற்றிச் சத்தியம் பண்ண முடியாது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புண்ணாக இருந்தால் சுருங்கும், கட்டியாக இருந்தால் வளரும். வளர்ந்தால் காலை எடுக்கத்தான் வேண்டும், அதற்குள் காலம் தாண்டிவிட்டிருந்தாலும் தாண்டிவிட்டிருக்கலாம்.

கரீமுல்லாவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று காலோடு இருந்தாலும் உயிரோடு இருக்குமே, எதற்கு இந்தப் பரீட்சை, சனிக்கிழமையே எடுத்துவிடலாம் என்றார். அந்தப் பூனையைத் தூக்கவே தூக்காதவர் அவர், காலையில் மட்டும் மீன் வாங்கிவந்து போட்டுவிட்டுத் தெரியாதது மாதிரி இருப்பார்.

ஹாஜிரா பீ மர்சலினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஏன் டாக்டரம்மா அப்டி எழுதினீங்க?"

"அளவு எடுக்கும்போது நீங்க சொன்னத மனசுல வச்சுக்கிட்டே பார்த்துட்டேன். வச்சிருக்கேன்னே எனக்குத் தெரியல."

"அப்ப என் வாயாலயா பிஸ்தா கால் போவ இருந்துச்சு?"

"உங்க வாய் இல்ல. நீங்க வேற யார்கிட்ட சொல்வீங்க? நான்தான் ஒண்ணுமே கேக்காத மாதிரி உக்காந்து கையெழுத்துப் போட்டேன்."

ஹாஜிரா பீ ஊசியைச் சட்டத்தில் குத்திவைத்தார். மூட்டையிலிருந்து பிஸ்தாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கட்டுக்கு மேலே விரலால் மெதுவாகத் தடவினார். பூனை சத்தம் போடாமல் இருந்தது. மூணு வாரம் இருக்கட்டும் என்றார். கரீமுல்லா எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போனாரோ என்று மர்சலின் பயந்தார். டீயோடு திரும்பி வந்தார், முனையில் நின்ற மேத்யூவுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்.

அந்த மூன்று வாரம் மர்சலினுக்கு நகரவே இல்லை. லிசாவின் கல்யாணம் அதற்குள் வந்தது. சாந்தோம் கோவிலில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்க, புது ஜாக்கெட்டில் மர்சலின் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆல்பத்தில் இப்போதும் பார்க்கலாம். லேபில் ஒரு புது விதி போட்டார். யார் பிராணியைப் பற்றியாவது முன்னாலேயே ஏதாவது காதில் விழுந்திருந்தால், அந்த ஸ்லைடு முதலில் நங்கநல்லூருக்குப் போகும். அங்கே அப்படி ஏதாவது நடந்தால் அது இங்கே வரும். ஆனந்தகுமாருக்கு ஏரியா முழுக்கச் சொந்தக்காரர்கள், எல்லார் வீட்டு நாயின் கதையும் அவருக்குத் தெரியும், அதனால் அங்கேயிருந்துதான் நிறைய வந்தது. இதை மர்சலின் சொல்லிக்காட்டாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது.

சரண்யா வரச் சொன்ன நாளில் மர்சலினும் கொட்டிவாக்கத்துக்குப் போனார். கிளினிக்கின் சின்ன அறையில் ஹாஜிரா பீ கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கரீமுல்லா வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார். சரண்யா பிஸ்தாவை மேஜைமேல் கிடத்தி, கட்டை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள், மற்ற காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள். மர்சலின் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எந்த மாதம் எந்த ஊசி என்று இப்போது கேட்டாலும் சொல்வார்.

"ஒண்ணும் கையில அகப்படல மேடம். தழும்பு மட்டும்தான் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டட்டும்."

ஹாஜிரா பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கரீமுல்லா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வாசலுக்கே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஹாஜிரா பீ மர்சலினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் அடிச்சு அடிச்சு சொல்லிக்கினு இருந்தாங்க டாக்டரம்மா, எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க வந்து தப்புன்னு சொன்னீங்களே, அன்னிக்குத்தான் தூங்கினேன்."

முப்பது வருஷமாக மர்சலினிடம் யாரும் இப்படி ஒரு நன்றி சொன்னதில்லை. அதற்குள் பிஸ்தா மேஜையிலிருந்து குதித்து மருந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. ஹாஜிரா பீ கூப்பிட்டார், வரவில்லை. சரண்யா பிஸ்கட் காட்டினாள், வரவில்லை. கடைசியில் மூன்று பெண்களும் தரையில் படுத்து மூன்று பக்கமிருந்து கையை விட்டார்கள். மர்சலின் கைக்குத்தான் மெத்தென்று ஏதோ அகப்பட்டது. பிடித்து மெதுவாக இழுத்தார். உள்ளேயிருந்து விட்டது ஒரு உதை. கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நீளமாகக் கீறி ரத்தம் துளிர்த்திருந்தது.

சரண்யா பதறிப்போய் பஞ்சும் மருந்தும் எடுக்க எழுந்தாள். ஹாஜிரா பீ இன்னும் தரையில் கன்னத்தை வைத்தபடி அலமாரிக்கு அடியில் பார்த்துக்கொண்டு, பூனையை உருதுவில் திட்டிக்கொண்டிருந்தார். மர்சலின் எழுந்திருக்கவில்லை. கை எரிந்தது. கொண்டுவந்த பஞ்சை வாங்கிக்கொள்ளாமல், ஹாஜிரா பீயிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தக் கால்ல உதைச்சுது?"

ஹாஜிரா பீ திட்டுவதை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கால்தான் டாக்டரம்மா."